வேட்டையும் அனுமதியும்
சிங்கப்பூரில் காட்டு விலங்குச் சட்டம் வளர்ந்த வகை

வேட்டை என்பது தமிழ் மக்களுக்குப் புதிய சொல்லன்று. குறிஞ்சி நிலத்துக் குறவரும் பாலை நிலத்து எயினரும் வேட்டையால் வாழ்ந்தவர்கள் என்பது சங்க இலக்கியம் பயிலும் மாணவர் முதலில் கற்கும் செய்திகளுள் ஒன்று. வேட்டைக் கருவிகளுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கயிற்றைச் சுருக்கிட்டு வைப்பது கண்ணி. விசையால் மூடிக்கொள்வது பொறி. குழி தோண்டித் தழையால் மறைப்பது படுகுழி. ஆயின் இக்கருவிகளை யார், எங்கே, எந்த விலங்கின்மீது பயன்படுத்தலாம் என்று எழுத்தில் வரையறுக்கும் சட்டம் மிகப் பிற்காலத்தில் தோன்றியது.

சிங்கப்பூரில் அச்சட்டம் வளர்ந்த வரலாறு ஆராயத்தக்கது. இருநூறு ஆண்டுகளுக்குள் இத்தீவு, விலங்கைக் கொன்றவனுக்குப் பணம் கொடுத்த நிலையிலிருந்து, விலங்குக்கு வாழைப்பழம் கொடுத்தவனுக்குத் தண்டம் விதிக்கும் நிலைக்கு வந்துள்ளது. இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது, அதன் உள்ளே இருக்கும் கொள்கை யாது, காடு என்பதையே காணாது சிராங்கூன் சாலையில் வாழ்வோர்க்கும் அதில் என்ன தொடர்பு என்பவற்றை முறையாகக் காண்பது நன்று.

கொன்றவனுக்குப் பரிசு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூரின் உள்நாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டு, காசுக்கட்டித் தோட்டங்களும் மிளகுத் தோட்டங்களும் பரவின. காடு குறையக் குறைய, அங்கே வாழ்ந்த புலிகளும் தோட்டங்களில் உழைத்த மனிதரும் நேருக்கு நேர் சந்திக்கும் நிலை ஏற்பட்டது. 1835ஆம் ஆண்டில் கட்டடக் கலைஞரும் அரசாங்கப் பொறியாளருமான சார்ச் கோல்மன் காட்டினூடே சாலைக்காக நிலம் அளந்துகொண்டிருந்தபோது புலி ஒன்று பாய்ந்தது. நல்ல வேளையாக ஆட்களுக்குத் தீங்கில்லை. அளவைக் கருவி மட்டும் நொறுங்கியது. பின்னாளில் செருமானிய ஓவியர் ஒருவர் இக்காட்சியை மரச்செதுக்குப் படமாக்கினார். அப்படத்தில் கோல்மனைச் சுற்றி நிற்போர் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டுச் சிங்கப்பூரில் உழைத்த தண்டனைக் கைதிகள் ஆவர். சிங்கப்பூரின் பழைய சாலைகளையும் பெருங்கட்டடங்கள் பலவற்றையும் உருவாக்கியவர்கள் அவர்களே. அவர்கள் வேலை செய்த செங்கற்சூளைகள் சிராங்கூன் சாலைப் பக்கத்தில் இருந்தன. ஆகவே இத்தீவின் காட்டு விலங்கு வரலாற்றில் இந்தியருக்குத் தொடக்கத்திலேயே இடம் உண்டு.

புலியைக் கொல்வோர்க்கு அரசாங்கம் பரிசு அறிவித்தது. முதலில் 20 வெள்ளியாக இருந்த பரிசு பின்னர் 100 வெள்ளி வரை உயர்ந்தது. ஒரு கூலியாளின் ஊதியத்தோடு ஒப்பிட்டால் அது பெருந்தொகை. அன்றைய சட்டத்தின் பார்வையில் விலங்கு என்பது ஒழிக்கப்பட வேண்டிய இடையூறு, அவ்வளவே.

1854இல் சிங்கப்பூருக்கு வந்த இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலசு, புக்கிட் தீமா குன்றுப் பகுதியில் வண்டுகளைச் சேகரித்தார். சராசரியாக நாளுக்கு ஒருவர் புலிக்கு இரையாவதாக அவர் தம் நூலில் எழுதியுள்ளார். இக்கணக்கு மிகையாக இருத்தல் கூடும். எனினும் மக்களின் அச்சம் எத்தகையது என்பதை அது காட்டுகிறது. அதே நூலில் அவர் குறிப்பிடும் மற்றொரு செய்தி சட்ட வரலாற்றுக்கு மிகவும் வேண்டப்படுவது. காட்டில் ஆங்காங்கே புலிக்காகப் படுகுழிகள் இருந்தன. மேலே குச்சியும் இலையும் பரப்பி மறைக்கப்பட்ட அவை, 15 அல்லது 20 அடி ஆழமும், வாயைவிட அடியில் அகன்ற வடிவமும் உடையவை. முன்பெல்லாம் குழியின் அடியில் கூரிய கழி ஒன்றும் நடப்பட்டிருந்தது. வழிப்போக்கன் ஒருவன் தவறி விழுந்து அக்கழியில் குத்துண்டு மாண்டபின், கழி நடுவது தடை செய்யப்பட்டது.

இத்தீவில் விலங்குப் பொறியைப் பற்றிப் பிறந்த மிகப் பழைய விதிகளுள் இஃது ஒன்று எனலாம். இவ்விதி புலியின் துன்பத்தைக் கருதிப் பிறந்ததன்று. மனிதனின் பாதுகாப்பைக் கருதிப் பிறந்தது. குழி தோண்டுவதற்குத் தடையில்லை. புலி விழுவதற்கும் தடையில்லை. மனிதன் விழுந்தால் உயிர் பிழைக்க வேண்டும் என்பது மட்டுமே அதன் நோக்கம். சட்டத்தின் முதற்படி இதுவே.

பரிசுகளும் காடழிப்பும் தம் வேலையை முடித்தன. 1902ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் இராபிள்சு உணவகத்தின் பில்லியர்டு ஆட்டக் கூடத்தின் கீழே ஒரு புலி சுட்டுக் கொல்லப்பட்டது. சுட்டவர் இராபிள்சு கல்வி நிலையத்தின் தலைமை ஆசிரியர் பிலிப்சு. ஆனால் அது காட்டுப் புலியன்று. கடற்கரைச் சாலையில் நடந்த காட்சியொன்றிலிருந்து தப்பி வந்தது. நகரத்தார் புலியைக் கண்டு வியக்கும் காலம் அதற்குள் வந்துவிட்டது. 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டதே சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி எனப்படுகிறது.

பருவமும் உரிமமும்

உலக நாடுகளின் வேட்டைச் சட்டங்களை நோக்கினால் மூன்று படிகள் தெரியவரும். முதலாவது பரிசு, இரண்டாவது உரிமம், மூன்றாவது தடை. சிங்கப்பூர் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஏறக்குறைய நேராகவே வந்த நாடு. இடையில் உள்ள இரண்டாம் படியை அறிய வேண்டுமானால் குளிர் நாடுகளை நோக்க வேண்டும்.

கனடா, உருசியா முதலிய நாடுகளில் மென்மயிருக்காக விலங்குகளைப் பொறி வைத்துப் பிடிப்பது நெடுங்காலத் தொழில். நீரெலி, நீர்நாய், நரி முதலியவற்றின் தோல் குளிர்காலத்தில்தான் அடர்ந்த மயிருடன் விலை பெறும். ஆதலின் அந்நாடுகளின் சட்டம் பருவத்தை வரையறுக்கிறது. இந்த விலங்கை இன்ன திங்கள் முதல் இன்ன திங்கள் வரை பிடிக்கலாம். உரிமம் பெற்றவர் மட்டுமே பிடிக்கலாம். இன்ன வகைப் பொறியை மட்டுமே வைக்கலாம் என்று அது சொல்லும். குட்டி ஈனும் காலத்தில் வேட்டை நின்றுவிடுவதால் அடுத்த ஆண்டுக்கும் விலங்கு மிஞ்சும். காலைக் கவ்வும் இரும்புப் பொறிகளை ஐரோப்பியச் சமூகம் 1991ஆம் ஆண்டு ஒழுங்குவிதியால் தடை செய்தது. 1997இல் ஐரோப்பியச் சமூகமும் கனடாவும் உருசியாவும் விலங்குக்குத் துன்பம் குறைந்த பொறிகளைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. புக்கிட் தீமாவின் பழைய குழியில் கழியை எடுக்கச் செய்தது மனிதனைப் பற்றிய கவலை. இவ்வுடன்படிக்கையில் விலங்கின் நோவும் ஓர் அளவுகோல் ஆகிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இரண்டாம் படிக்குச் சான்று உண்டு. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. உதகையில் வாழ்ந்த வெள்ளையர் துப்பாக்கியோடு மலை ஏறியதால் வரையாடும் கடமானும் விரைந்து குறைந்தன. அவ்வேட்டை தொடர வேண்டுமானால் விலங்குகள் எஞ்ச வேண்டும் என்பதால் வேட்டையாடாப் பருவமும் உரிம முறையும் வகுக்கப்பட்டன. விலங்கைக் காத்தது அச்சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயின் எவர்க்காகக் காத்தது என்று கேட்டால், பெரும்பாலும் உரிமம் வாங்க வல்லவர்க்காக என்பதே விடை. 1972ஆம் ஆண்டு இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன.

அண்டை நாடாகிய மலேசியத் தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் இரண்டாம் படியைச் சார்ந்தது. முழுமையாகக் காக்கப்படும் விலங்குகள் ஒரு பட்டியல். உரிமத்துடன் வேட்டையாடத்தக்கவை மற்றொரு பட்டியல். காடு பரந்த நாட்டுக்கு இம்முறை இயலும். கைப்பிடியளவு காடு எஞ்சிய ஒரு நகரத் தீவில் எதை எண்ணிப் பருவம் வகுப்பது? அதனாலேயே சிங்கப்பூரின் வழி வேறாயிற்று.

1904 முதல் 2020 வரை

நீரிணைக் குடியேற்ற நாடுகளின் சட்ட மன்றம் 1884இல் காட்டுப் பறவைகளைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. ஐரோப்பியப் பெண்டிரின் தொப்பிகளுக்காகப் பறவைகளின் இறகும் தோலும் பெருமளவில் கப்பலேறிய காலம் அது. 1904இல் விலங்குகளையும் சேர்த்துப் புதிய சட்டம் வந்தது. 1965இல் காட்டு விலங்குகள், பறவைகள் சட்டம் பிறந்தது.

1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. பல நாட்டுச் சட்டங்கள் காக்கப்படும் விலங்குகளைப் பட்டியலிடும். பட்டியலில் இல்லாதது வேட்டைக்காரனுக்கு உரியது. சிங்கப்பூர்ச் சட்டம் இதனைத் தலைகீழாக்கியது. காட்டு விலங்கும் பறவையும் யாவையாயினும் உரிமமின்றிக் கொல்லவோ பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது பொதுவிதி. விலக்குப் பெற்றவை மட்டுமே பட்டியலில் இடம்பெற்றன. அப்பட்டியலில் இருந்தவை ஆறு: காகம், புறா, இரு வகை மைனா, இரு வகைச் சூறைக்குருவி. ஆறும் பறவைகளே, பாலூட்டி விலங்கு ஒன்றுகூட அதில் இல்லை. நாய், பூனை, குதிரை, மாடு, ஆடு, வீட்டுப் பன்றி, கோழி முதலிய வளர்ப்பு உயிர்கள் காட்டு விலங்கு என்னும் சொல்லுக்குள் அடங்கா.

விதி விரிந்ததாயினும் தண்டம் சிறியது. குற்றம் எதுவாயினும் 1,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம்; அவ்வளவே. உலகில் அருகிவிட்ட அழுங்கைப் பிடித்தவனுக்கும் தெருவோர அணிலைப் பிடித்தவனுக்கும் ஒரே அளவு. கள்ளச் சந்தையில் ஒரு விலங்கின் விலை அபராதத்தைவிட மிகுதியாகும்போது, அபராதம் தண்டனை ஆகாது, தொழிற்செலவாகிவிடும்.

இக்குறையை நீக்க 2020இல் நாடாளுமன்ற உறுப்பினர் லூயிசு இங் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அமைச்சர் அல்லாத உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் மசோதா சட்டமாவது சிங்கப்பூரில் அரிய நிகழ்ச்சி. 2020 மார்ச்சில் நிறைவேறிய அத்திருத்தம் சூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயரும் வனவிலங்குச் சட்டம் என மாறியது. அதற்கு முந்திய ஆண்டில், 2019 ஏப்ரல் முதல், விலங்கு தொடர்பான பணிகள் அனைத்தும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் வந்திருந்தன.

இன்றைய சட்டம் சொல்வது

இன்றைய சட்டத்தின்படி அனுமதியின்றி ஒரு காட்டு விலங்கைக் கொல்லுதல், பொறியில் சிக்கவைத்தல், பிடித்தல், வைத்திருத்தல் ஆகியவை குற்றங்கள். பாதுகாக்கப்பட்ட இனம் என வரையறுக்கப்பட்ட விலங்காயின், 50,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஏனைய விலங்குகளுக்கு முதற்குற்றத்தில் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு திங்கள் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. நிலம் திருத்திக் கட்டடம் எழுப்புவோர் அவ்விடத்து விலங்குகளின் பாதுகாப்புக்கு வேண்டிய நடவடிக்கை எடுக்குமாறு பணிக்கும் அதிகாரமும் இச்சட்டத்தில் உண்டு. இயற்கை வனப்பகுதிகளாகிய புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கிலும் பூங்காக்கள், மரங்கள் சட்டம் இதன் மேலும் ஒரு வேலியாக நிற்கிறது.

இவ்விதிகள் எந்த விலங்குகளைத் தொடுகின்றன? அவற்றின் பெயர்களைத் தமிழில் அறிவது ஆசிரியர்க்குப் பயன்படும். கல்லாங் ஆற்றிலும் மரினா நீர்த்தேக்கத்திலும் கூட்டமாக நீந்துவது நீர்நாய். இப்பெயர் சங்கப் பாடல்களிலேயே உள்ளது. சிக்லாப் வட்டாரத்து வீடுகளின் கூரைக்குள் இரவில் ஓடுவது மரநாய். மலாய் மக்கள் முசாங் என்பர். புள்ளிகளோடு வீட்டுப் பூனையின் அளவில் இருக்கும் காட்டுப் பூனைக்கு வெருகு என்னும் பழஞ்சொல் பொருந்தும். செதில் போர்த்த எறும்புதின்னிக்கு அழுங்கு என்று பெயர். சருகின்மீது ஓசையின்றி நடக்கும் முயலளவு உயிர் சருகுமான். இவற்றோடு காட்டுப்பன்றி, கடமான், நீள்வால் குரங்கு, தொடையில் வெண்பட்டை கொண்டு இராபிள்சு பெயரைத் தாங்கிய கருங்குரங்கு ஆகியனவும் இத்தீவில் வாழ்கின்றன. இக்கருங்குரங்கு சிங்கப்பூரில் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது.

இவ்விலங்குகளுள் நீர்நாயின் கதை தனித்தது. 1970களில் இத்தீவின் ஆறுகள் மாசுற்றிருந்தபோது அது மறைந்தது. ஆறுகள் தூய்மையானபின் 1998இல் சுங்கை பூலோவில் மீண்டும் காணப்பட்டது. இன்று நகரின் நடுவிலேயே வாழ்கிறது. வந்த விருந்தாளி சும்மா இருப்பதில்லை. தனியார் வீட்டுக் குளங்களில் விலையுயர்ந்த அழகு மீன்களைத் தின்றுவிடுகிறது. குளத்தின் சொந்தக்காரருக்குச் சினம் எழுவது இயல்பு. என் வீடு, என் குளம், என் மீன். நான் ஏன் ஒரு பொறி வைக்கக் கூடாது என்று அவர் கேட்கலாம்.

சட்டத்தின் விடை தெளிவானது. நிலம் அவருடையது, நீர்நாய் அவருடையதன்று. வேலி அடைக்கலாம், இடைவெளிகளை மூடலாம், குளத்துக்கு வலை போர்த்தலாம், தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவிக்கலாம். பொறி வைப்பது மட்டும் அவர் தாமே செய்யத்தக்கதன்று. கூரையில் ஓடும் மரநாய்க்கும் இதுவே விதி. கூட்டிலிருந்து விழுந்த அணில்குஞ்சை இரக்கத்தால் எடுத்து வளர்ப்பவருக்கும் இதுவே விதி. ஏனெனில் வைத்திருத்தல் என்பதும் சட்டத்தில் உள்ள சொல். அதனை உரியவரிடம் ஒப்படைப்பதே முறை. வேட்டைச் சட்டம் என்னும் பெயரைக் கேட்டு, அது காட்டில் துப்பாக்கியோடு திரிபவனைப் பற்றியது என்று எண்ணுவோர் பலர். சிங்கப்பூரில் அது பெரும்பாலும் வீட்டுக்காரரைப் பற்றியதாகிவிட்டது.

இரையும் இரக்கமும்

2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பலருக்கு வியப்பளித்தது உணவிடல் பற்றிய விதியே. காட்டு விலங்குக்கு அனுமதியின்றி உணவிடுவது குற்றமாயிற்று. முதன்முறை 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் உண்டு. வனப்பகுதியில் மட்டுமன்றித் தீவு முழுவதும் இவ்விதி செல்லும். குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பவரும் காட்டுப்பன்றிக்கு ரொட்டித் துண்டு எறிபவரும் இதில் அகப்படுவர். புறாவுக்குத் தானியம் தூவுவதும் விலக்கன்று.

தமிழர் பலரின் உள்ளத்தில் இங்கே ஒரு முட்டுப்பாடு தோன்றும். குரங்குக்குப் பழம் ஈவதை அனுமனுக்குச் செய்யும் தொண்டாகவும், புறாவுக்கும் காக்கைக்கும் சோறிடுவதை முன்னோர்க்குச் செய்யும் கடனாகவும் கருதி வளர்ந்தவர்கள் அவர்கள். கொல்லாமையை ஓர் அதிகாரமாக வகுத்த நூலை மறையாகக் கொண்டவர்கள். கொல்வது குற்றம் என்பதை அவர்கள் உடனே ஏற்பர். கொடுப்பதும் குற்றம் என்றால் திகைப்பர்.

இதன் காரணத்தை வேட்டைத் தொழிலே விளக்குகிறது. பொறி வைப்பவன் முதலில் செய்வது யாது? உணவு வைத்தல். விலங்கு ஓரிடத்துக்கு வந்து பழகும்வரை அவன் காத்திருக்கிறான். அச்சம் நீங்கியபின்தான் பொறி மூடுகிறது. தமிழில் விலங்கின் உணவுக்கும், அதனைச் சிக்கவைக்க வைக்கும் உணவுக்கும் இரை என்ற ஒரே சொல் வழங்குவது பொருத்தமே. 1972ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் வரையறையில் கொல்லுதல், பிடித்தல், கண்ணி வைத்தல் ஆகியவற்றோடு இரை வைத்தலும் சேர்ந்தே நிற்கிறது.

இரக்கத்தால் உணவிடுபவர் பொறி வைப்பதில்லை. எனினும் அவர் செய்யும் செயல் பொறிக்காரனின் முதற்செயலோடு ஒத்தது. கையில் பை வைத்திருப்பவர் எல்லாரும் உணவு தருவர் என்று குரங்கு கற்றுக்கொள்கிறது. மறுநாள் அது பள்ளி செல்லும் சிறுமியின் பையைப் பறிக்கிறது. வீட்டுச் சன்னல் வழியே நுழைகிறது. உணவைத் தேடிச் சாலையைக் கடந்து வண்டியில் அடிபடுகிறது. பிறகு அண்டை வீட்டார் முறையிடுகின்றனர். முறையீடு மிகுந்தால் அதிகாரிகள் கூண்டு வைக்கின்றனர். கூண்டில் சிக்கியவற்றுள் சில கொல்லவும் படுகின்றன. பழம் கொடுத்த கையும் கூண்டு வைத்த கையும் வேறு வேறாயினும், அவை ஒரே கயிற்றின் இரு முனைகள்.

இங்கே சட்டத்தின் உள்ளிருக்கும் கொள்கை வெளிப்படுகிறது. வனவிலங்குச் சட்டம் அன்பைச் சட்டமாக்கியதன்று. அரசாங்கம் வேண்டுமெனக் கருதினால் விலங்கைப் பிடிக்க அனுமதிக்கும், கொல்லவும் அனுமதிக்கும். அச்சட்டம் கேட்பது ஒரே கேள்வி: அனுமதி உண்டா? நல்லெண்ணமும் தீயெண்ணமும் அக்கேள்விக்கு முன் சமமாகவே நிற்கின்றன. அறம் மனத்தை நோக்குகிறது. சட்டம் செயலையும் அதன் விளைவையும் நோக்குகிறது. இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாகச் செல்வதில்லை என்பதற்கு வாழைப்பழ விதியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

தோலும் நகமும் மயிரும்

உயிருள்ள விலங்கைத் தொடாதவரும் இறந்த விலங்கின் பகுதியால் குற்றவாளியாதல் கூடும். பல வேட்டைகளின் நோக்கம் தோலும் நகமும் மயிருமே. அவை விற்கும் இடம் இல்லாவிட்டால் தொலைநாட்டுக் காட்டில் கண்ணியும் இல்லை. சிங்கப்பூர் ஒரு பெருந்துறைமுகம். 2019 ஏப்ரலில் ஒரு கொள்கலனில் 12.9 டன்னும், சில நாட்களில் மற்றொன்றில் 12.7 டன்னும் அழுங்குச் செதில் இங்கே பிடிபட்டன. இரண்டும் நைசீரியாவிலிருந்து வியட்நாமுக்குச் செல்லவிருந்தவை.

அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கை 1973இல் வாசிங்டனில் உருவாயிற்று. அதன் முதற்பட்டியலில் உள்ள இனங்களை வாணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல இயலாது. புலி அப்பட்டியலில் உண்டு. சிங்கப்பூரில் வாழும் நீர்நாய் இனமும் 2019இல் அதில் சேர்க்கப்பட்டது. இவ்வுடன்படிக்கையைச் சிங்கப்பூரில் நடைமுறைப்படுத்துவது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 2022இல் அது கடுமையாக்கப்பட்டது. முதற்பட்டியல் இனமாயின் ஒவ்வொரு பொருளுக்கும் 100,000 வெள்ளி வரையும், மொத்தத்தில் 500,000 வெள்ளி வரையும் அபராதமும், ஆறாண்டு வரை சிறையும் விதிக்க இடம் உண்டு.

இவ்விதி தமிழ்க் குடும்பங்களுக்குத் தொலைவில் இல்லை. குழந்தையின் கழுத்தில் புலிநகம் கட்டுவது பழைய வழக்கம். பூசையறையிலும் தியானத்துக்கும் மான்தோல் விரிப்பது மற்றொரு வழக்கம். பாட்டனார் காலத்துப் பொருள் என்று ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோரும் இருத்தல் கூடும். இந்தியாவிலேயே உரிய சான்றின்றிப் புலிநகம் வைத்திருப்பது குற்றம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்குக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. விமானத்தில் ஏறியவுடன் அது இரண்டு நாடுகளின் சட்டத்துக்கும் உரிய பொருளாகிவிடுகிறது.

பொன்னாலோ பிளாஸ்டிக்காலோ புலிநக வடிவில் செய்த பதக்கத்தில் குற்றம் இல்லை. ஆனால் ஒரு நுட்பம் அறியத்தக்கது. அருகிய விலங்கின் பகுதி என்று சொல்லி ஒரு பொருளை விற்றால், அப்பொருள் போலியாயினும் சிங்கப்பூர்ச் சட்டம் அதனை உண்மைப் பொருளாகவே கொள்ளும். சிட்டையில் எழுதிய சொல்லே சான்றாகும். பொய் சொன்ன வணிகர், நான் விற்றது போலிதான் என்று பின்னர்த் தப்ப இயலாது. ஏனெனில் போலிக்கு இருக்கும் விருப்பமே உண்மைப் பொருளுக்கும் சந்தையை வளர்க்கிறது.

மயிருக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது பள்ளிக்கூடத்துக்கு மிக அருகில் இருப்பது. ஓவியத் தூரிகைகளுள் உயர்ந்தவை எனப் பெயர் பெற்ற சில, இந்தியாவில் கீரியின் மயிரால் செய்யப்பட்டவை. கீரியை வளர்த்து மயிர் எடுப்பதில்லை. காட்டில் கண்ணி வைத்துப் பிடித்துக் கொன்றே எடுக்கின்றனர். ஒரு கீரியிலிருந்து தூரிகைக்குத் தகுந்த மயிர் கிடைப்பது மிகச் சிறிது. இவ்வாணிகம் இந்தியச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 2019இல் அதிகாரிகள் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் தேடுதல் நடத்தினர். செயற்கை இழைத் தூரிகை வாங்கும் ஓவிய ஆசிரியர் தாம் அறியாமலே ஒரு கண்ணியை அறுக்கிறார்.

சொல்லின் பொருள் விரிந்தது

அகராதியில் வேட்டை என்பதற்கு விலங்கைத் துரத்திக் கொல்லுதல் என்று பொருள் காண்கிறோம். இன்றைய சட்டத்தில் அச்சொல்லின் எல்லை மிக விரிந்துவிட்டது. குளத்தருகே வைத்த கூண்டு, கூரைக்குள் கட்டிய கண்ணி, வீட்டில் மறைத்து வளர்த்த குட்டி, கடைக்காரர் எழுதிய சிட்டை, பெட்டிக்குள் சுருட்டிய தோல், நீட்டிய கையில் உரித்த பழம் யாவும் அதன் எல்லைக்குள் வந்துள்ளன. புக்கிட் தீமாவின் புலிக்குழியில் கூரிய கழி நடலாகாது என்று தொடங்கிய விதி, மனிதன் விழுந்துவிடாதிருக்க வந்தது. அதன் வழியில் வந்த இன்றைய விதிகள், விலங்கு மனிதனிடம் பழகி அழிந்துவிடாதிருக்க வந்தவை.

விலங்கினிடத்து அன்புடையோர் இச்சட்டத்தால் அன்பை விட வேண்டியதில்லை. அன்பின் வழியை மாற்றினால் போதும். குப்பைத் தொட்டியை மூடிவைத்தல், உணவுப் பையை வெளியே காட்டாதிருத்தல், அடிபட்ட விலங்கைக் கண்டால் உரியவருக்குத் தெரிவித்தல், குட்டியோடு செல்லும் நீர்நாய்க்கு வழி விட்டு நிற்றல் ஆகியன செலவற்ற கடமைகள். இவற்றுள் எதற்கும் எவரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.